வெட்டுவதும் தொண்டுதான்

 

கொஞ்சம் நீளமான பதிவு. சாயந்தரம் டீ குடிக்கும்போது பொறுமையாகப் படிங்க. படிச்சிட்டுத் திட்டணும் என்றால் நேரிலேயே திட்டுங்க, வெள்ளிக்கிழமை பூசைக்குக் கோயிலில்தான் இருப்பேன்.

திருவிழா முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் என்னைப் பார்த்தவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, வீடியோ எங்கே?" போன வாரம் வீடியோ போட்டாச்சு. 18 நிமிஷம். போட்ட அன்றைக்கே அடுத்த கேள்வி வந்துவிட்டது. "மூணு நாள் எடுத்தீங்க, இவ்வளவுதானா? மிச்சமெல்லாம் எங்கே?" சில பேர் கோபமாகவே கேட்டாங்க. "எங்க பால்குடம் வாசலுக்கு வந்தது இருக்கு, ஆத்தங்கரையில் புறப்பட்டது இல்லையே?" என்று ஓர் அக்கா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்திலும் இதே பேச்சு. "நீங்க ஏன் சிரமப்படுறீங்க, அடுத்த வருஷம் வெளியில் ஆள் வச்சுக்கலாம், 1,800 வெள்ளிதான் கேட்கிறாங்க, ட்ரோனும் விடுவாங்க" என்று ஒருத்தர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கூட்டத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. மைக் பிடிச்சுப் பேசுற ஆள் நான் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். வீடியோ எடுக்க இப்போது எல்லாராலும் முடியும். எடுத்ததை முழுசாக உட்கார்ந்து பார்த்து, எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது கோயில் வேலை. அந்த வேலையை நம்ம ஆளுங்களே கத்துக்கணும். வெளியே கொடுக்கக் கூடாது.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நான் பிறையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது ஷிப்ட் ரிப்போர்ட் அடிப்பதும் ஓ.டி. கணக்குப் பார்ப்பதும்தான். வீடியோ எடிட்டிங்கை 53 வயசில்தான் கத்துக்கிட்டேன். ஆசைப்பட்டுக் கத்துக்கல. ஒரு தப்புப் பண்ணினேன், அதனால் கத்துக்கிட்டேன்.

அந்தத் தப்பைச் சொல்கிறேன்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோயில் கதவை மூடினோம். உள்ளே பூசை மட்டும் நடக்க, ஒரு போனை ஸ்டாண்டில் வைத்து முகநூலில் நேரலை விட்டோம். வயசானவங்க வீட்டில் இருந்தே அம்மனைப் பார்த்துக் கண் கலங்கினாங்க. அது நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. கோயில் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஆனால் ஒரு விஷயத்தை நாங்க யோசிக்கவே இல்லை. மூடின கோயிலில் கேமரா முன்னாடி இருந்தது அம்மனும் பூசாரியும் மட்டும்தான். திறந்த கோயிலில் கேமரா முன்னாடி இருப்பது நம்ம ஜனங்க.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி திருவிழாவில் உறுமி உச்சத்தில் அடிக்கும்போது ஒரு தங்கச்சிக்கு அருள் வந்தது. நான் பக்கத்தில்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்றேன். தலைமுடி அவிழ்ந்து, சேலை கலைந்து, தரையில் விழுந்து எழுந்தார். இரண்டு அக்காமார் ஓடிப்போய்ப் பிடித்து, துண்டைப் போர்த்தி, தீர்த்தம் தெளிச்சாங்க. நான் என்ன பண்ணினேன்? எடுத்துக்கிட்டே இருந்தேன். அன்றைக்கு ராத்திரியே, 47 நிமிஷ வீடியோவை அப்படியே, ஒரு வினாடிகூட வெட்டாமல் முகநூலில் ஏற்றிவிட்டுத் தூங்கிட்டேன். காலையில் நிறைய லைக். எனக்குச் சந்தோஷம்.

நாலு நாள் கழித்து அந்த 47 நிமிஷத்தில் யாரோ 15 வினாடியை மட்டும் எடுத்து, ஒரு சிரிப்புப் பாட்டைப் போட்டு, வாட்சாப்பில் சுற்றவிட்டாங்க. அது சுற்றிச் சுற்றி அந்தத் தங்கச்சியோட மகன் படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருச்சு.

நானும் என் மனைவியும் அவங்க வீட்டுக்குப் போனோம். திட்டுவாங்க என்று நினைச்சேன், திட்டவே இல்லை. காப்பி கொடுத்தாங்க. "அண்ணே, அம்மன் முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது. இப்ப ஊருக்கே தெரியுது" என்று மட்டும் சொன்னார். என்னால் காப்பியைக் குடிக்க முடியல. முகநூலில் இருந்து வீடியோவை எடுத்துட்டேன். எடுத்து என்ன பிரயோஜனம்? ஃபார்வர்ட் ஆனதை எவன் அழிக்க முடியும்?

அதுக்கப்புறம் அந்தத் தங்கச்சி திருவிழாவுக்கு வரவில்லை. பன்னிரண்டு வருஷம் பால்குடம் எடுத்தவர்.

அந்த வீடியோவை வெட்டி அனுப்பினவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் வெட்ட வேண்டியதை வெட்டாமல் விட்டது யாரென்று எனக்குத் தெரியும். அந்தக் கண்மணி நான்தான்.

அந்த மாசமே என் மகளோட பழைய மடிக்கணினியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். வேலையிடத்தில் ஒருத்தர், "மூவி மேக்கர் போடுங்க பாஸ், சுலபம்" என்றார். தேடினால், மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியிலேயே நிறுத்தியாச்சு. இப்போது அந்தப் பேரில் கண்ட இடத்தில் கிடைப்பதை இறக்காதீங்க, போலிகள் உண்டு. விண்டோஸ் 11 இருந்தால் கிளிப்சாம்ப் என்று ஒன்று கூடவே வரும், ஆரம்பிக்க அது போதும். நான் கத்துக்கிட்டது ஷாட்கட் என்ற இலவச மென்பொருள். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுச்சு, காசு கேட்கல, வீடியோ மேல் தன் பேரை ஒட்டல.

நிறைய பேர் எடிட்டிங் என்றதும் பயப்படுறாங்க. அடிப்படை ஐந்தே வேலைதான். சமையலறையில் காய் வாங்கி, கழுவி, நறுக்கி, சமைத்து, பரிமாறுகிற மாதிரி.

முதல் வேலை, சேர்ப்பது. இந்த வருஷம் நாலு போனில் எடுத்தோம். எல்லாவற்றையும் கேபிள் போட்டு ஒரே ஃபோல்டரில் இறக்கினேன். வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லி வாங்காதீங்க, அது வீடியோவைச் சுருக்கிவிடும், பெரிய திரையில் போட்டால் முகமே தெரியாது. எவ்வளவு இடம் பிடிக்கும் என்று என் மகளோட ஐபோன் செட்டிங்கிலேயே எழுதியிருக்கு. 1080பி, வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 60 எம்.பி. 4கே வைத்தால் 170 எம்.பி. அப்படியென்றால் ஒரு மணி நேரம் 1080பி-யில் 3.6 ஜி.பி., 4கே-யில் 10 ஜி.பி.க்கு மேல். நம்ம திருவிழா வீடியோவுக்கு 1080பி தாராளம். இந்த வருஷம் மொத்தம் 9 மணி நேரம், சுமார் 32 ஜி.பி. வந்தது.

இரண்டாவது வேலை, பார்ப்பது. இதுக்குக் குறுக்கு வழி இல்லை. 9 மணி நேரத்தையும் பார்த்தாகணும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் எந்த கிளிப், எத்தனையாவது நிமிஷம், என்ன நடக்கிறது என்று எழுதி வைப்பேன். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து, பத்து நாள் ஆச்சு.

மூன்றாவது, வெட்டுவது. திரைக்குக் கீழே ஒரு நீளமான பட்டை இருக்கும், டைம்லைன் என்பாங்க. கிளிப்பை அதில் வைத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, கீபோர்டில் எஸ் எழுத்தை அழுத்தினால் அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். வேண்டாத துண்டை நீக்கிவிடலாம். தப்பு நடந்தால் கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். முக்கியமான விஷயம், இங்கே வெட்டினால் அசல் ஃபைல் அழியாது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று மென்பொருள் குறிச்சுத்தான் வைக்கும். இது தெரியாமல் முதல் வாரம் கை நடுங்கி நடுங்கி வெட்டினேன். கம்ப்யூட்டர் பழசாக இருந்து படம் திக்கித் திக்கி ஓடினால், ப்ராக்ஸி என்ற வசதியைப் போட்டுக்குங்க. வேலை செய்ய மட்டும் சின்ன நகல் ஒன்று போட்டுக்கொள்ளும். கடைசியில் அசலில் இருந்துதான் வீடியோ வெளியே வரும்.

நான்காவது, சத்தம். உறுமிக்குப் பக்கத்தில் போனை நீட்டினால் சத்தம் கிழிஞ்சுதான் பதிவாகும். அப்புறம் கம்ப்யூட்டரில் குறைத்தாலும் கிழிஞ்சது கிழிஞ்சதுதான். அதனால் எடுக்கும்போதே பத்தடி தள்ளி நில்லுங்க. சினிமாப் பாட்டு, கேசட் பாட்டு எதையும் பின்னணியில் போட வேண்டாம். காப்புரிமை என்று முகநூல் சத்தத்தையே நிறுத்திவிடும். அதைவிட, நம்ம கோயில் மணி இருக்கு, நாதஸ்வரம் இருக்கு, பெண்கள் போடுற குலவை இருக்கு. அதுக்கு மேல் என்ன பாட்டு வேணும்?

ஐந்தாவது, பேர் போட்டு வெளியே எடுப்பது. இங்கேதான் நான் எல்லார் முன்னாடியும் அவமானப்பட்டேன். முதல் வீடியோ முடிஞ்சதும் சேமித்தேன், தம்ப் டிரைவில் போட்டேன், நிர்வாகத்தை எல்லாம் உட்கார வைத்து மண்டபத்து டிவியில் செருகினேன். ஒன்றும் வரல. பார்த்தால் நான் கொண்டுபோனது ப்ராஜெக்ட் ஃபைல். அது சமையல் குறிப்பு மாதிரி, சாப்பாடு அதில் இல்லை. எக்ஸ்போர்ட் கொடுத்து, எம்.பி.4 ஆக வெளியே எடுத்தால்தான் அது வீடியோ. இன்னொரு தடவை ஃபோல்டர் பேரை மாற்றிட்டேன். அடுத்த நாள் திறந்தால், ஃபைலைக் காணோம் என்று அத்தனை கிளிப்பையும் கேட்குது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வயித்தைக் கலக்கிருச்சு. மகள்தான் வந்து சரி பண்ணிக் கொடுத்தாள். வேலை ஆரம்பிச்ச பிறகு ஃபோல்டரைத் தொடாதீங்க.

இவ்வளவுதான் அடிப்படை. ஒரு மாசத்தில் யாரும் கத்துக்கலாம். எஸ் எழுத்தை அழுத்த ஒரு விரல் போதும். எந்த இடத்தில் அழுத்துவது என்பதுதான் கஷ்டம், அதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

எங்க ஃபேக்டரியில் 5எஸ் என்று ஒரு முறை உண்டு, ஜப்பான்காரங்க கொண்டு வந்தது. அதில் முதல் எஸ், வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது. முப்பது வருஷமாக இதை லைனில் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பொருளில் கோளாறு இருந்தால் அதை வாசல் தாண்ட விடக்கூடாது, கஸ்டமர் கைக்குப் போன பிறகு வருத்தப்பட்டுப் பலனில்லை. ஒரு சர்க்யூட் போர்டுக்கு அவ்வளவு பார்க்கிற நான், ஒரு பெண்ணோட மானத்துக்கு ஐந்து நிமிஷம் பார்க்கல. அதை நினைச்சால் இன்னும் உறுத்துது.

அதனால் நான் இப்போது வெட்டுவது இவை.

அருள் வந்தவங்க முகம் தெரிகிற காட்சி. யாராக இருந்தாலும் சரி.

ஆத்தங்கரை. அந்த அக்காவுக்கு இதுதான் பதில். அங்கே பெண்கள் குளித்து ஈரத்துணியோடு நிற்கிறாங்க. அவங்க அம்மனுக்காக அப்படி நிற்கிறாங்க, ஊருக்காக நிற்கல. அடுத்த வருஷத்தில் இருந்து அங்கே போனே எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கேன்.

அலகு குத்தும்போது வலியில் சுருங்குகிற முகம். குத்தி முடித்து, விபூதி பூசி, நிமிர்ந்து நிற்கும்போது காட்டுவோம்.

அழுகிற பிள்ளைகள். மொட்டை போடும்போது குழந்தை வீறிடுவது நமக்குச் சிரிப்பாக இருக்கும். பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பாக இருக்குமா என்று தெரியாது.

அன்னதான வரிசையில் தட்டு நீட்டி நிற்பவங்க முகம். பரிமாறுகிற கையைக் காட்டினால் போதும்.

பொன்னாடை. இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. பழைய வீடியோக்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வருஷம் மேடையில் மாலை போடுவதும் பொன்னாடை போர்த்துவதும் மட்டும் 40 நிமிஷம். அம்மன் ஊர்வலம் 12 நிமிஷம். மரியாதை செய்ய வேண்டியவங்களுக்கு மரியாதை செய்வோம், ஆளுக்கு மூணு வினாடி.

வெட்டவே கூடாதது ஒன்று உண்டு. தீபாராதனை. தட்டு எடுத்ததில் இருந்து மணிச் சத்தம் அடங்கும் வரைக்கும் கை வைக்க மாட்டேன். படுக்கையில் இருக்கிற ஒரு பாட்டி அதைப் பார்த்துக் கை கூப்பினால், பாதியில் படம் மாறக் கூடாது. அம்மன் முகத்தைச் சுற்றி நெருப்பு எரிகிற மாதிரி, பூ கொட்டுகிற மாதிரி எஃபெக்ட் போடுவதும் வேண்டாம். ஆரம்பத்தில் நானும் போட்டேன். எழுத்து சுற்றிச் சுற்றி வந்து நின்றது. என் மனைவி பார்த்துட்டு, "இது திருவிழாவா, சோப்பு விளம்பரமா?" என்றாள். அன்றோடு விட்டேன்.

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கு.

"அருள் வருவது அம்மன் செயல். அதை ஏன் மறைக்கணும்? நமக்கே வெட்கமா?" என்று பூசாரி ஐயாவே கேட்டார். வெட்கம் இல்லை ஐயா. கோயிலில் அருள் வந்தால் சுற்றி நிற்கிறவங்க கை கூப்பி நிற்கிறாங்க, விபூதி வாங்கிக்கிறாங்க, சேலை விலகினால் ஓடி வந்து போர்த்துறாங்க. போனில் அதே காட்சி ஒரு பூனை வீடியோவுக்கும் ஒரு சண்டை வீடியோவுக்கும் நடுவில் வருது. பார்க்கிறவன் படுத்துக்கிட்டுப் பார்க்கிறான். போர்த்திவிட அங்கே ஆள் இல்லை. வெட்டுவதுதான் நாம் போர்த்துகிற துண்டு.

"எதை வெட்டுவது என்று நீங்க ஒருத்தர் எப்படி முடிவு பண்ணலாம்?" இது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. இந்த வருஷமே ஒரு தப்புச் செய்தேன். ஓர் அண்ணன் காவடி எடுத்து, நடுவழியில் காடி ஓரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் எழுந்து நடந்தார். அவர் தளர்ந்து உட்கார்ந்ததைக் காட்ட வேண்டாம் என்று அந்த இடம் முழுவதையும் வெட்டிட்டேன். அவர் மகள் போன் பண்ணினாள். "அங்கிள், அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு இதுதான் முதல் காவடி. உட்கார்ந்துட்டு மறுபடி எழுந்தாரே, அதுதான் எங்களுக்கு வேணும்." எனக்கு அது தெரியாது. அசல் ஃபைல் இருந்ததால் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்தேன். ஆக, ஒரு ஆள் முடிவு பண்ணக் கூடாது. மூணு பேர் பார்க்கணும், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கணும். நான் சரி என்று விட்ட இரண்டு காட்சிகளை என் மனைவி ஒரே பார்வையில் வேண்டாம் என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே கண்ணில் பட்டது.

"தொழில்முறை ஆளை வைத்தால் அழகாக வருமே?" வரும். என்னைவிடப் பத்து மடங்கு அழகாக வரும். ஆனால் அவருக்கு யார் யாரென்று தெரியாது. எந்தக் குடும்பம் இந்த வருஷம் துக்கத்தில் இருக்கு, எந்தப் பெண் போனில் வர விரும்பாதவர் என்று தெரியாது. எடுத்த அசல் அவரிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது. அவர் வேலை அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும், பழி நம்ம கோயிலில்தான் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லணும். எதை வெட்டினேன் என்பதைவிட, எதை எடுக்காமல் விட்டோம் என்பது இப்போது என்னை அதிகம் வருத்துது.

நம்ம கோயில் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இருந்து உடுக்கை அடித்துத் தாலாட்டுப் பாடின பெரியவரை உங்க எல்லாருக்கும் தெரியும். போன தீபாவளிக்கு அப்புறம் தவறிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் பேரன் வந்து கேட்டான். "அங்கிள், தாத்தா பாடுறது ஏதாச்சும் இருக்கா?" இருக்கும்டா என்று சொல்லிட்டு வீட்டுக்கு வந்து ஐந்து வருஷ வீடியோவையும் தேடினேன். மொத்தம் 11 வினாடி. அதுவும் ஒரு பிரமுகர் தோளுக்குப் பின்னாடி, பாட்டு மேல் எம்.சி. பேசிக்கிட்டு இருக்கார். அந்தத் தாலாட்டை முழுசாகப் பாட இப்போது நம்மிடம் ஆள் இல்லை. போனை மேடைப் பக்கமே பிடிச்சுக்கிட்டு இருந்தோம், அவர் ஓரத்தில் பாடிக்கிட்டே இருந்தார்.

அலமாரியில் 14 வீடியோ கேசட் இருக்கு, 180 நிமிஷ வி.எச்.எஸ்., தொண்ணூறுகளில் எடுத்தது. நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கு. வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்க யாரும் ஆசைப்படாதீங்க, டேப் சிக்கிக் கிழியும், டெக்கும் கெடும். கடையில் கொடுத்து, சுத்தம் செய்து, கம்ப்யூட்டருக்கு மாற்றணும். அதில் பெரியவர் பாட்டு இருக்க வாய்ப்பு உண்டு. 1,800 வெள்ளியை ட்ரோனுக்குக் கொடுப்பதாக இருந்தால், அதில் ஒரு பகுதியை இதுக்குக் கொடுங்க என்று நிர்வாகத்தைத் தாழ்மையாகக் கேட்டுக்கிறேன்.

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இவைதான்:

1. திருவிழா வீடியோவை அன்றைக்கு ராத்திரியே ஏற்றுவது வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் இருக்கட்டும். நேரலை கருவறை தீபாராதனைக்கு மட்டும் இருக்கட்டும், கேமரா அம்மனைப் பார்த்தபடி.

2. மூணு பேர் பார்த்து, சரி என்ற பிறகுதான் வெளியே போகணும்.

3. அசல் முழுவதையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைக்கணும். ஒன்று கோயிலில், ஒன்று வேறொருத்தர் வீட்டில். ஒரே இடத்தில் வைத்தால் வெள்ளமோ திருட்டோ வந்தால் இரண்டும் போகும்.

4. வாசலில் ஒரு பலகை. "வீடியோவில் வர விரும்பாதவர்கள் தொண்டர்களிடம் சொல்லவும்." சொன்னவங்க பேரை மறக்காமல் எழுதி வைக்கணும்.

5. உபயகாரர் பேரைப் போடுவதற்கு முன்னாடி அந்தக் குடும்பத்திடம் எழுத்தைக் காட்டணும். இரண்டு பேர் பேரை நான் தப்பாகப் போட்டிருக்கேன், மன்னிச்சிக்குங்க.

பக்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாங்க எவ்வளவு வெட்டினாலும் உங்க கையிலும் போன் இருக்கு. அருள் வந்தவங்க பக்கம் போனை நீட்டாதீங்க. கை கூப்ப இரண்டு கையும் வேணும்.

வர்ற ஞாயிறு காலை பூசை முடிந்து 10 மணிக்கு மண்டபத்தில் வகுப்பு மாதிரி ஒன்று ஆரம்பிக்கிறேன். வகுப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, தெரிந்ததைச் சேர்ந்து உட்கார்ந்து செய்வோம். கட்டணம் இல்லை. மடிக்கணினி இருந்தால் கொண்டு வாங்க, இல்லாவிட்டால் என்னுடையதில் பார்க்கலாம். இளைஞர்கள் மட்டும் இல்லை, பூ கட்டுற அக்காமாரும் வாங்க. யாரைக் காட்டலாம், யாரைக் காட்டக் கூடாது என்று உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். விரலை நான் சொல்லித் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. அந்தத் தங்கச்சியிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இந்தப் பதிவைப் போடுகிறேன். இந்த வருஷமும் அவர் பால்குடம் எடுக்கல. ஆனால் போன மாசம் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை, கூட்டமே இல்லாத நேரத்தில், மகனோடு வந்து விளக்குப் போட்டுட்டுப் போனார். வெளியே வரும்போது என்னைப் பார்த்தார். என் கண் உடனே என் கையில் இருந்த போனைத்தான் பார்த்தது. அதைப் பாக்கெட்டில் போட்டேன். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்றார். "நல்லா இருக்கேன்மா" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அடுத்த வருஷம் வருவாரா என்று எனக்குத் தெரியாது. வந்தால், அவர் பயமில்லாமல் அம்மன் முன்னாடி நிற்கிற மாதிரி நம்ம கோயில் இருக்கணும். அதுக்கு நான் செய்ய முடிந்தது இந்த வேலைதான்.

தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்குங்க. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.

அம்மன் துணை.